முத்துப் போடாத அம்மை

தட்டம்மையைத் தடுக்கும் எதிர்ப்புச் சக்தி எனக்கு இருக்கிறது, என் மகளுக்கு இல்லை என்று டாக்டர் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரத்தக் குப்பிகளை மாற்றி வைத்திருப்பார்கள் என்றேன்.

"ஒன்பதாம் மாசம் அவளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கு மேடம். நானே தூக்கிட்டுப் போய்ப் போட்டேன். எனக்குத்தான் ஒரு ஊசியும் போடல."

டாக்டர் என்னைவிட மிக இளையவர். கடலூரில் எங்களுக்கு மாத்திரை தரும் மையத்துக்கு அவர் வந்த பிறகுதான் நாங்கள் கேள்வி கேட்கவே ஆரம்பித்தோம். அவர் கோபப்படவில்லை.

"சின்ன வயசுல உங்களுக்குத் தட்டம்மை வந்திருக்கா?"

"வந்திருக்கு. எங்க பக்கம் மணல்வாரின்னு சொல்வாங்க. கண்ணு கூசி, இருட்டு ரூம்ல கிடந்தேன்."

"அப்பவே உங்க உடம்பு அதைக் கத்துக்கிச்சு. எச்.ஐ.வி. வந்தது அதுக்கெல்லாம் ரொம்ப வருஷம் கழிச்சு. உங்க பொண்ணு விஷயம் அப்படி இல்ல. ஊசி போடும்போதே அவ உடம்புல கிருமி இருந்திருக்கு. அஞ்சு வயசுக்கு மேலதான் மாத்திரை ஆரம்பிச்சிருக்கீங்க. அதுவரைக்கும் எதிர்ப்பு அணுக்கள் அழிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ஊசி கத்துக்கொடுத்ததை ஞாபகம் வெச்சுக்க உள்ள ஆள் இல்லாமப் போயிடுச்சு."

"அப்ப மறுபடியும் போட்டுடுங்க."

"போடலாம். இப்ப முடியாது. அது உயிருள்ள ஊசி, பலவீனப்படுத்தின கிருமி. இவ கவுண்ட் இருக்கிற நிலையில ஊசியே நோயா மாறிடலாம். இருநூறைத் தாண்டட்டும். தாண்டி, கொஞ்ச மாசம் நிலையா நிக்கட்டும்."

கவுண்ட் என்பது எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை. எங்களைப் போன்றவர்கள் வீட்டில் மழையைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பற்றித்தான் பேசிக்கொள்வோம். ஏறியதா, இறங்கியதா, எவ்வளவு. என்னுடையது நன்றாகவே இருந்தது. மகளுடையது கல்லூரி விடுதியில் விழுந்தது. புதுச்சேரியில் ஒரே அறையில் நான்கு பெண்கள். தினமும் ஒரே நேரத்துக்கு மாத்திரை எடுத்தால் எதற்கென்று கேட்பார்கள். முதலில் தைராய்டு என்று சொல்லியிருக்கிறாள். ஒருத்தி தன் அம்மாவுக்கும் தைராய்டு என்று டப்பாவை எடுத்துப் பெயரைப் படிக்கப் போனாளாம். அன்றிலிருந்து நிறுத்திவிட்டாள். எனக்குத் தெரிய வந்தபோது அவள் பாதியாகியிருந்தாள்.

அவளுடைய அப்பா சுரங்கத்தில் பம்ப் பிரிவில் வேலை பார்த்தவர். நெய்வேலியில் கரியை எடுப்பதற்கு முன்னால் தண்ணீரை எடுத்தாக வேண்டும். பூமிக்கடியில் இருந்து அது மேலே முட்டிக்கொண்டே இருக்கும். ஷிப்ட் மாறினாலும், பண்டிகை வந்தாலும், வேலைநிறுத்தமே நடந்தாலும் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் என்பார். மாத்திரையைப் பற்றி மகளுக்கு நான் இதைத்தான் சொல்லி வளர்த்தேன். விடுதி விஷயம் வெளியே வந்த அன்று அவளே சொன்னாள்: "பம்ப்பை நிறுத்திட்டேம்மா." அதற்கு மேல் நானும் திட்டவில்லை.

மறுபடியும் ஆரம்பித்தாள். எண்ணிக்கை ஏறியது, ஆனால் வயதானவர் மாடிப்படி ஏறுவதுபோல. அந்த முறை கடலூருக்குப் போனபோது அது இருநூறுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வடக்குத்தில் பிள்ளைகளுக்குத் தட்டம்மை வருவதாக என் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அதை நான் சொல்லப் போய்த்தான் டாக்டர் எங்கள் இருவர் ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது பேருந்தில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "உனக்கு இருக்கு, எனக்கு இல்ல. நல்லா இருக்கும்மா நியாயம்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் யாருக்கும் எங்கள் விஷயம் தெரியாது. கணவர் இறந்தபோது மஞ்சள் காமாலை என்று சொன்னோம். கருணை அடிப்படையில் எனக்கு அலுவலக வேலை கொடுத்தார்கள், குவார்ட்டர்ஸும் கிடைத்தது. மாதா மாதம் கடலூர் போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டுதல் என்று சொல்லி வைத்திருந்தேன். அதனால் மாத்திரை வாங்கிய கையோடு நிஜமாகவே கோயிலுக்கும் ஓடி, துளசி வாங்கி வருவோம். எதிர்வீட்டுப் பெண் கதவருகிலேயே காத்திருப்பாள்.

"பெருமாளப் பாத்துட்டீங்களாக்கா? எனக்கும் ரெண்டு இலை குடுங்க. எங்க வூட்டுக்காருக்கு மனசு மாறி டிவிய நிறுத்தட்டும்."

அவள் சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பெண். முப்பதுக்குள் இருக்கும். கணவன் சுரங்கத்தில் பெர்மனென்ட். மூன்று வயதில் ஒரு மகள். அந்தக் குழந்தை பாதி நேரம் எங்கள் வீட்டில்தான் இருக்கும். என் மகள் மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். இதுவும் ஒரு பழைய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு மற்றவர்களோடு உட்கார்ந்து ஏதாவது கிறுக்கும். என் மகளை அது கூப்பிடும் பெயர் டீச்சக்கா.

ஆய்வு முடிவு வந்த மறுநாளே டியூஷனை நிறுத்தச் சொன்னேன். அவளுக்குக் கோபம்.

"எதுக்குன்னு சொல்லட்டும்?"

"போட்டித் தேர்வுக்குப் படிக்கறேன்னு சொல்லு."

"எந்தப் போட்டித் தேர்வு?"

"எதையாவது சொல்லு."

"சரி, கலெக்டராகப் போறேன்னு சொல்றேன்."

சொல்லவும் செய்தாள். எதிர்வீட்டுப் பெண் அதை நம்பி, பிளாக் முழுவதும் சொல்லிவிட்டாள்.

அந்த ஆடியில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டு ஊர்த் திருவிழாவுக்குப் போனாள். திரும்பி வந்த சில நாளில் குழந்தைக்குக் காய்ச்சல். பிறகு கதவில் வேப்பிலைக் கொத்து. நான் வேலை விட்டு வந்து படியேறும்போது பார்த்தேன். அந்த வீட்டுக்கு அம்மன் வந்திருக்கிறாள். இனி யாரும் உள்ளே போகக் கூடாது, அவர்களும் பிறர் வீட்டுக்கு வரமாட்டார்கள், தாளிக்கும் வாசனைகூட அந்த வீட்டில் எழாது. எனக்குப் பயமாக இருந்தாலும் ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது. நான் சொல்ல முடியாத ஒன்றை அந்த வேப்பிலை எனக்காகச் சொல்லிவிட்டது என்று நினைத்தேன்.

இருந்தும், காற்றிலேயே பரவும் நோய். இரண்டு கதவுகளுக்கும் நடுவே நாலடி இடம். மகளை மேல்பட்டாம்பாக்கத்தில் அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். என் கணவரின் தங்கை. எங்கள் விஷயம் தெரிந்த ஒரே உறவு.

"அங்க போய்த் தனி டம்ளர்ல தண்ணி குடிக்கறதுக்கு இங்கயே அம்மை வந்து கிடக்கலாம்," என்றாள் மகள்.

"வாயை மூடு."

"அவங்க தட்டைக்கூடத் தனியா சாம்பல் போட்டு வெளக்குறாங்கம்மா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கதவையும் படிப்பக்கத்து ஜன்னலையும் சாத்தி வைக்கச் சொன்னேன். யார் கூப்பிட்டாலும் திறக்காதே என்றேன். லீவு போட்டு இரண்டு நாள் கூடவே இருந்தேன். மூன்றாம் நாள் போகவேண்டி வந்தது.

மாலையில் நான் வந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா மடிப்பிச்சைக்கு வந்தாங்க."

எனக்குப் புரியவில்லை. குழந்தைக்கு முத்து தெரிந்தே அதிக நாள் ஆகவில்லையே.

"தண்ணி ஊத்திட்டாங்களாம். ஆடி கடைசி வெள்ளி தவறிடும்னு சீக்கிரமா ஊத்திட்டாங்களாம். நல்லபடியா இறங்கினா மடிப்பிச்சை எடுத்துக் கூழ் ஊத்தறேன்னு வேண்டிக்கிட்டாங்களாம்."

மஞ்சள் புடவையை நனைத்துக் கட்டி, இடுப்பில் குழந்தையோடு, முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறாள். மூன்று வீட்டில் அரிசி வாங்க வேண்டும். முதல் வீடு எங்கள் வீடு. பழகியவர்கள், கைராசியானவர்கள் என்று எங்களிடம்தான் முதலில் வந்திருக்கிறாள். அம்மனுக்குக் கேட்பவளுக்கு இல்லை என்று எங்கள் ஊர்களில் யாரும் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள்கூட ஒரு பிடி அரிசி போட்டுவிடுவார்கள்.

"நீ திறந்தியா?"

"மாரியாத்தாவுக்குப் பிச்ச போடும்மா கண்ணுன்னு கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கூப்புடறாங்க. உள்ள ஃபேன் சத்தம் கேக்குது அவங்களுக்கு. நான் என்ன பண்ணட்டும்? செத்த மாதிரி கிடக்கட்டுமா?"

"போட்டுட்டுக் கதவைச் சாத்தினியா?"

"அரிசி எடுக்க உள்ள வந்தேன். பாப்பாவும் என் பின்னாடியே உள்ள வந்துட்டா. தூக்குன்னு கையை நீட்டினா. முகமெல்லாம் புள்ளி புள்ளியா கருத்திருந்துச்சு. தூக்கிட்டேம்மா."

நான் அவளை அடிக்கவில்லை. அடிக்கும் வயதும் இல்லை. கேஸ் அடுப்பை மட்டும் நிறுத்தினேன். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

காலையில் முதல் பேருந்தில் கடலூர். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முத்து தெரிந்த பிறகும் நாலைந்து நாள் தட்டம்மை பரவும், தண்ணீர் ஊற்றிவிட்டதால் அது நின்றுவிடாது என்றார். ஊசி போட வழியில்லை. இன்னொரு வழி இருக்கிறது, சில நாளுக்குள் செய்தாக வேண்டும், புதுச்சேரிக்குப் போங்கள் என்று கடிதம் எழுத ஆரம்பித்தார். தட்டம்மை எதிர்ப்பு உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து அந்த எதிர்ப்புப் பொருளை மட்டும் பிரித்து எடுத்த மருந்து அது. நரம்பில் மெல்ல ஏற்றுவார்களாம். இரவல் எதிர்ப்பு, கொஞ்ச நாளைக்குத்தான் இருக்கும்.

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே நான் கேட்டேன்.

"எதிர்ப்பு உள்ளவங்க ரத்தம்னா, எனக்கு இருக்கே மேடம். என்கிட்டேருந்து எடுத்து இவளுக்கு ஏத்த முடியாதா?"

டாக்டர் பேனாவை நிறுத்தினார். என் மகள் என்னைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த ஆணுறை விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர் ரத்தத்துல செய்யற மருந்து இல்லம்மா அது. ஆயிரக்கணக்கான பேர் குடுத்ததைச் சேர்த்துச் செய்யறது. உங்க ரத்தத்தை எடுக்க மாட்டாங்க. அதுல எச்.ஐ.வி. இருக்கு."

"அது அவகிட்டயும் இருக்கே. அதை நான்தானே குடுத்தேன்."

இதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. ஏதோ சொன்னார், அன்பாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடலூர் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டி கிளம்பும்வரை விடவில்லை. கல்லூரிக்குப் போன பிறகு அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

மருந்து கிடைத்தது. உடனே கிடைக்கவில்லை, ஆனால் காலக்கெடுவுக்குள் கிடைத்துவிட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு பகல் முழுவதும் சொட்டுச் சொட்டாக ஏறியது. பாட்டிலுக்குள் இருந்தது கஞ்சித் தண்ணீர் மாதிரி லேசாக வெளுத்திருந்தது. எந்த ஊர் மனிதர்களோ, எத்தனை பேரோ. அவர்களுக்கெல்லாம் மனதுக்குள் கும்பிடு போட்டேன். "ஆயிரம் பேரு ரத்தமாம். எல்லா ஜாதியும் உள்ள போயிடுச்சு, இனிமே அத்தை தட்டே தரமாட்டாங்க," என்றாள் மகள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் என்னவென்று தெரியாமலேயே சிரித்தார்.

முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, ஒரு மாதம் கவனமாகப் பாருங்கள் என்று அனுப்பினார்கள்.

பார்த்தேன். காலையில் அவள் எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திக் காதுக்குப் பின்னால் பார்ப்பேன். தட்டம்மை அங்கிருந்துதான் இறங்கும். பிறகு நெற்றி, கழுத்து, நெஞ்சு. ஒன்றும் இருக்காது. தோல் சுத்தமாக இருக்கும். எனக்கு அந்த நாள் முழுக்க வேலை செய்யத் தெம்பு வந்துவிடும்.

நான் பிறந்து வளர்ந்த இடத்தில் அம்மை என்றால் முத்துதான். முத்து போட்டால் அம்மை. போடாவிட்டால் வெறும் காய்ச்சல். முத்து நிறையப் போட்டால் அம்மன் நிறைந்து விளையாடுகிறாள் என்பார்கள். வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே தங்கும் அம்மையைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் பட்டம் படித்தவள். செல்பேசியில் தட்டம்மையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவள். படித்த எல்லாவற்றிலும் நான் தேடிப் பார்த்தது அந்தச் சிவப்புப் படம் ஒன்றைத்தான்.

மழை பெய்துகொண்டிருந்த வாரம் எனக்குச் சளி பிடித்தது. அவளுக்கும் பிடித்தது. எனக்கு இருமல்; அவளுக்கும். உடம்பு தொட்டால் லேசாக வெதுவெதுப்பு, அதுவும் விட்டுவிட்டு. வெப்பமானியில் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. காதுக்குப் பின்னால் பார்த்தேன். சுத்தம். எதிர்வீட்டுப் பெண்கூட ஒருநாள் வாசலில் இருந்தே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கலெக்டரம்மா, லொக்கு லொக்குன்னுகினு? எங்க பாப்பாதுதான் ஒட்டிக்கிச்சோன்னு பயந்தே பூட்டேன்."

"இல்லக்கா, சளிதான்," என்றாள் மகள்.

"ஆமா, முத்து ஒண்ணும் காணம். ஆத்தா வந்தா இந்நேரம் காட்டியிருப்பா. கற்பூரவல்லிய கசக்கிக் குடி, எறங்கிடும்."

நான் அவள் சொன்னதைக் கேட்டுக் கற்பூரவல்லி பறித்து வந்தேன். சந்தோஷமாகத்தான் பறித்தேன்.

ஒரு ஞாயிறு காலையில் குளித்துவிட்டு வந்த மகள் கட்டிலில் உட்கார்ந்து, தலைமுடியைத் துவட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டாள். "மூச்சு வாங்குதும்மா. பக்கெட்டுதான் தூக்கினேன்." உதடு நீலமாக இருந்தது. எனக்கு அப்போதும் கை முதலில் போனது அவள் காதுக்குப் பின்னால்தான்.

கார் வைத்துப் புதுச்சேரிக்குப் போனோம். இந்த முறை அவசரப் பிரிவு. தொண்டையிலிருந்து சளியைப் பஞ்சில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். தட்டம்மை என்று வந்தது. நான் அங்கிருந்த டாக்டரிடமும் வாதாடினேன். இல்லை சார், நான் தினமும் பார்த்தேன், ஒரு முத்துகூட இல்லை என்றேன். அவள் சட்டையின் கையை ஏற்றிக் காட்டக்கூடப் போனேன்.

அவர் என்னை வெளியே அழைத்துப் போய்ப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"அம்மா, அந்தத் தடிப்பு கிருமியால மட்டும் வர்றது இல்ல. கிருமியோட உடம்பு சண்டை போடும்போது வர்றது. உங்க பொண்ணு உடம்புல சண்டை போட ஆள் பத்தல. அதனால வெளியே ஒண்ணும் தெரியல. அது நேரா நுரையீரலுக்குப் போயிடுச்சு."

அதாவது, நான் ஒவ்வொரு காலையும் எதைப் பார்த்து நிம்மதி அடைந்தேனோ, அது அவள் தோற்றுக்கொண்டிருந்ததன் அடையாளம். இதைக் கேட்டபோது நான் அழவில்லை. இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "பெரிசா வித்தியாசம் இருந்திருக்காது. இதுக்குன்னு தனி மருந்து கிடையாது," என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையா என்று இன்றுவரை தெரியவில்லை. எது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன் என்பதும் தெரியவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் என்னை விடுவார்கள். எனக்குத் தட்டம்மை வராதே. மற்ற நோயாளிகளின் உறவினர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காரலாம். என் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பு அவளுக்குப் பயன்பட்டது இவ்வளவுக்குத்தான். அவள் வாயில் குழாய் இருந்தது. பேச முடியாது. ஒருமுறை என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள். முதலில் புரியவில்லை. மறுபடி எழுதினாள். பாப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாள்.

நன்றாக இருக்கிறது, ஓடி விளையாடுகிறது என்றேன். அது உண்மை.

அவள் பிழைத்தாள். அந்த வார்த்தையை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு நுரையீரல் ஏறக்குறைய வேலை செய்வதில்லை. வீட்டில் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று கட்டிலருகே ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவறைக்குப் போய்வந்தால் கொஞ்ச நேரம் பேச மாட்டாள். கவுண்ட், ஏறியதெல்லாம் போய், பழைய இடத்துக்குக் கீழே நிற்கிறது. மாத்திரையை இப்போது ஒருவேளைகூட விடுவதில்லை. அவளுக்குத் தைராய்டு என்று யாரிடமும் சொல்ல வேண்டிய தேவை இப்போது இல்லை, யாரும் வருவதில்லை.

இவ்வளவு பட்டதில் ஒன்றாவது மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் வராது என்பார்களே. அந்த ஒன்றையாவது அவள் வாங்கிவிட்டாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரவல் வாங்கிய எதிர்ப்பு கரையும் வரைக்கும் பல மாதம் காத்திருந்து, போன மாதம் கடலூரில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் முடிவைத் திரையில் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"எதிர்ப்பு தெரியல."

"வந்துட்டுப் போச்சே மேடம்."

"வந்துச்சு. அவ உடம்பால அதை வெச்சுக்க முடியல."

மகள்தான் கேட்டாள். "அப்ப எனக்கு மறுபடியும் வரலாமா?"

"வாய்ப்பு இருக்கு. கவுண்ட் ஏறட்டும், ஊசி போட்டுடலாம். அதுவரைக்கும் எந்தத் தொற்றும் வேண்டாம். சாதாரணச் சளிகூட வேண்டாம். சின்னப் பிள்ளைங்க கிட்ட முக்கியமா ஜாக்கிரதையா இருங்க. இந்த நுரையீரல் இன்னொண்ணைத் தாங்காது."

கவுண்ட் ஏறுமா என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எதிர்வீட்டுக் குழந்தை இப்போது விளையாட்டுப் பள்ளிக்குப் போகிறது. எந்நேரமும் மூக்கு ஒழுகுகிறது. மாலையில் வந்து எங்கள் கதவைத் தட்டும். நான் திறப்பதில்லை. முதலில் அக்கா தூங்குகிறாள் என்றேன். பிறகு அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். பிறகு எதுவும் சொல்வதில்லை. குழந்தையின் அம்மா ஒருநாள் கூழ் கொண்டுவந்தாள், வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். இன்னொரு நாள் மகளைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே கால் வைத்தாள். நான் குறுக்கே கையை நீட்டிவிட்டேன். அவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் படியில் கீழ்வீட்டு அம்மாவிடம் அவள் பேசுவது கேட்டது. நாங்கள் கேட்க வேண்டும் என்றுதான் பேசினாள்.

"எங்க புள்ள தொட்டா அவங்க வூடு தீட்டாப் பூடுமாம். நிமோனியான்னு படுத்துகினு இருந்தப்ப எத்தினி தடவ அழுதிருப்பேன் நான். குடிவந்த அன்னிக்கே கேட்டாங்க, சேத்தியாத்தோப்புல எந்தப் பக்கம்னு. அப்பவே புரிஞ்சிக்கினு ஒதுங்கியிருக்கணும்."

"அப்படிப்பட்டவங்க இல்லம்மா அவங்க," என்றது கீழ்வீட்டுக் குரல்.

"நீங்க உள்ள போவலாம், உங்களுக்கு இன்னா? சொல்லுவீங்க."

நான் கேட்டது உண்மைதான். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று எல்லோரையும் கேட்பதுபோலக் கேட்டிருந்தேன். அவள் காலனி என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். அதெல்லாம் இப்போது கணக்கில் வராது.

மகள் தலையணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இயந்திரச் சத்தத்தை மீறி அவள் பேச வேண்டியிருந்தது.

"போய்ச் சொல்லும்மா. பாவம் அவங்க."

"என்னன்னு சொல்ல?"

"இருக்கறதை."

"எதை? நமக்கு இருக்கறதையா, அவ புள்ளகிட்டேருந்து உனக்கு வந்ததையா?"

ஒன்றைச் சொன்னால் மற்றதும் வெளியே வந்துவிடும். முதலாவதைச் சொன்னால் இந்த பிளாக்கில் நாங்கள் இருக்க முடியாது. இரண்டாவதைச் சொன்னால் அவள் தன் முந்தானையை ஏந்திய கையை வைத்துக்கொண்டு ஆயுளுக்கும் என்ன செய்வாள்?

மகள் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "அந்தப் பாப்பாகிட்டேருந்து இனிமே எனக்குத் தட்டம்மை வராதும்மா. இந்த பிளாக்குலயே அவ ஒருத்திதான் சேஃப்."

"சளி வருமே," என்றேன்.

வெளியே கதவின் கீழ்ப்பகுதியில், குழந்தையின் கை எட்டும் உயரத்தில், தட்டும் சத்தம் கேட்டது. டீச்சக்கா என்று ஒருமுறை கூப்பிட்டது. மகள் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவள் தோளில் கையை வைத்து அழுத்தினேன். படியேறி வந்த வேகத்தில் யாரோ குழந்தையைத் தூக்குவது கேட்டது. எதிர்க்கதவு சாத்திக்கொண்டது.